நண்பர் ஒருவர் நலம் பெற

கடவுளுக்கு அடுத்தபடியாக அந்தக் கத்தோலிக்கக் கோயிலின் பங்கு மக்களின் வீட்டு ரகசியமெல்லாம் தெரிந்த ஒரே ஆள் கமாதான். பங்குத்தந்தைக்குக்கூட அவ்வளவு தெரியாது. பாவசங்கீர்த்தனத்தில் ஜனங்கள் தங்கள் பாவத்தைச் சொல்வார்கள். மன்றாட்டுப் பெட்டியில் அடுத்தவர் பாவத்தையல்லவா எழுதிப் போடுகிறார்கள்!

கமா என்பது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. மனிதர் பாடப்புத்தக அச்சகமொன்றில் இருபத்திரண்டு வருடமாகப் பிழை திருத்துகிறார். ஞாயிறு பூசையில் வாசிக்கும் மன்றாட்டுகளைச் சீர்படுத்தும் வேலையும் அவர் தலையில் விழுந்தபோது, வாசிக்கிறவருக்கு மூச்சு வாங்குமே என்று நாலு சொல்லுக்கு ஒரு கமா போட்டுக் கொடுத்தார். அந்தப் புண்ணியத்துக்குக் கிடைத்த பட்டம் இது. வாசிக்கிறவர் அவருடைய சொந்த அக்கா. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். மைக் அவருக்கு ஒரு அலங்காரம், அவ்வளவுதான். கையில் எதைக் கொடுத்தாலும் வாசித்துவிடுவார். மளிகைச் சீட்டைக் கொடுத்தால்கூடக் கடைசியில் "ஆண்டவரே, உம்மை மன்றாடுகிறோம்" என்று முடிப்பார், சபையும் "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று பதில் சொல்லும்.

ஏற்பாடு இதுதான். கோயில் வாசலில் ஒரு தகரப் பெட்டி. வேண்டுதல் உள்ளவர்கள் சீட்டு எழுதிப் போடுவார்கள். சனிக்கிழமை சாயங்காலம் கமா பெட்டியைத் திறந்து, சீட்டுகளை வீட்டுக்குக் கொண்டுபோய், சமையலறை மேசையில் பரப்பி, திருத்தி, ஒரே தாளில் அழகாக எழுதுவார். அந்தத் தாள் நீல உறையில் வாசக மேடைக்குப் போகும். ஜனங்கள் எழுதிய சீட்டுகள் மஞ்சள் உறையில் பின்வாசல் மேசைக்குப் போய், காணிக்கை நேரத்தில் அப்பத்தோடும் திராட்சை ரசத்தோடும் பீடத்துக்குப் போய்ச் சேரும்.

"கடவுளுக்கு அசல், சபைக்குத் திருத்திய பதிப்பு" என்பார் கமா. பெயர் போடக் கூடாது என்பதும் அவர் வைத்த சட்டம்தான். "யாருன்னு மேல தெரியும். கீழ எதுக்கு?"

சட்டத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. 'மேல் வீட்டுக்காரன் விடியக்காலையில் கட்டிலை இழுக்கிறான், அவன் கட்டில் கால் ஒடியட்டும்' என்று ஒருத்தர் எழுதுவார். கமா அதை 'அண்டை அயலார், ஒருவரையொருவர் பொறுத்து, அன்பில் வளர' என்று ஆக்குவார். 'மாமியாருக்குச் சுகம் கொடும், முடிந்தால் சின்ன மகன் வீட்டில் வைத்துக் கொடும்' என்பது 'முதியோர் அனைவரும் பரிவோடு பேணப்பட' என்று வெளுத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டு வரும். எழுதினவர்களுக்கே அது தங்கள் வேண்டுதல் என்று தெரியாது. இளவயதில் மூன்று கதை எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பி, மூன்றும் போன வேகத்தில் திரும்பி வந்தவர் அவர். இப்போது வாராவாரம் ஐந்நூறு பேர் எழுந்து நின்று அவர் வாக்கியத்தைக் கேட்கிறார்கள். எந்த எழுத்தாளருக்கு இந்தக் கொடுப்பினை?

இதில் பத்தொன்பது வாரமாக விடாமல் வருகிற சீட்டு ஒன்று உண்டு. எழுதுவது கோயிலைப் பெருக்கித் துடைக்கிற நாலு பெண்களில் மூத்தவர். எல்லாரும் அவரைப் பெரியம்மா என்பார்கள். பத்தொன்பது வாரமும் கமா அந்தச் சீட்டை 'உழைக்கும் மக்கள் அனைவரும், மாண்போடு வாழ' என்று மாற்றினார். பத்தொன்பது வாரமும் பங்குத்தந்தை கண்ணை மூடி உருகி "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றார். சீட்டில் இருந்தது என்னவோ அவர் வீட்டுக் கழிப்பறைச் சாவியைப் பற்றி.

இனி கமாவின் வீட்டுக்குப் போவோம். அங்கே அவரோடு ஒரு பஸ் கண்டக்டர் இருக்கிறார், பன்னிரண்டு வருடமாக. இரண்டு பேரும் ஆண்கள், இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் உயிர், வீட்டில் இருப்பது ஒரே கட்டில். இதற்கு மேல் விளக்கினால் உங்களுக்கு மரியாதையில்லை. வெளியே கேட்டால் 'நண்பர், கூடத் தங்கியிருக்கிறார்' என்பார் கமா. அக்காவும் "உன் ஃப்ரெண்டு சாப்பிட்டாச்சா?" என்று பன்னிரண்டு வருடமாகக் கேட்கிறார், இரண்டு பேர் சாப்பிடுகிற அளவுக்குத் தூக்குப் பாத்திரமும் கொடுத்தனுப்புகிறார். அதற்கு மேல் ஒரு சொல் பேசியதில்லை. அந்தக் குடும்பத்தில் பேசாமல் இருப்பதற்குப் பெயர் பாசம்.

கண்டக்டருக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. ஞாயிற்றுக்கிழமை கமாவை ஸ்கூட்டரில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, வெளியே மரத்தடியில் வண்டிமேல் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். கமாவுக்கோ நம்பிக்கை எலும்புக்குள் இருந்தது. பூசை இல்லாத ஞாயிறு அவருக்குக் குளிக்காத நாள் மாதிரி. கடவுளிடம் அவருக்குச் சங்கடமே இல்லை. நாலும் சொல்லியிருக்கிறார், கண்டக்டரைப் பற்றியும் சொல்லியிருக்கிறார், அந்தப் பக்கத்திலிருந்து ஆட்சேபணை எதுவும் வரவில்லை. சங்கடமெல்லாம் கடவுளின் அக்கம்பக்கத்தாரிடம்தான்.

அந்த மாதம் கண்டக்டருக்கு வயிற்றில் ஒரு கட்டி என்றார்கள். செவ்வாய்க்கிழமை ஆபரேஷன். திறந்து பார்த்தால்தான் நல்ல கட்டியா கெட்ட கட்டியா என்று தெரியும் என்றார் டாக்டர். ஆஸ்பத்திரியில் ஒரு படிவம் கொடுத்தார்கள். கூட இருப்பவர் நிரப்ப வேண்டியது. நர்ஸ் தலையைத் தூக்காமல், "நீங்க அவருக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்.

கமாவின் பேனா அந்தக் கட்டத்தின் மேல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு 'நண்பர்' என்று எழுதியது. கண்டக்டர் பார்த்தார், படிவத்தை மடித்துப் பையில் வைத்தார். இருபத்தைந்து வருடம் ஓடுகிற பஸ்ஸில் நின்றுகொண்டே கத்தினவர் அன்று வழி நெடுகப் பேசாமல் வந்தார்.

அந்தச் சனிக்கிழமை கமா வழக்கம்போல் சீட்டுகளைப் பரப்பினார். கடைசிச் சீட்டு பழைய டிக்கெட் கட்டின் அட்டையைக் கிழித்து எழுதியது. எழுத்து அச்சடித்த மாதிரி இருந்தது. கமாவுக்குப் பன்னிரண்டு வருடமாகத் தெரிந்த எழுத்து. சாமி கும்பிடாத மனிதன் எப்போது இறங்கி வந்து இதைப் பெட்டியில் போட்டான்? சீட்டை மூன்று தரம் படித்தார். மூக்கைச் சிந்தினார். பிறகு, இருபத்திரண்டு வருடப் பழக்கம் சும்மா விடுமா, பேனாவை எடுத்து வெள்ளைத்தாளில் கடைசி வரியாக எழுதினார்: 'அறுவை சிகிச்சைக்குச் செல்லும், நண்பர் ஒருவர், நலம் பெற.'

காலையில் கண்டக்டர் டீ போட வந்தவர் மேசைமேல் அந்தத் தாளைப் பார்த்துவிட்டார்.

"யோவ், இது நானா?"

"பேர் போடக் கூடாதுங்கிறது சட்டம்."

"பேர் கேட்டேனா? அங்க ஆஸ்பத்திரியில நண்பர். இங்க உன் சாமிகிட்டயும் நண்பரா? பன்னெண்டு வருஷம்யா. பஸ்ல ஜன்னல் சீட்டுக்குப் பக்கத்துல உக்கார்றவன்கூட ரெண்டு ஸ்டாப்புல நண்பன் ஆயிடுறான்."

"எல்லாருக்கும் முன்னாடி அக்கா வாசிக்கணும். அவங்க நிலைமைய யோசிச்சுப் பாரு."

"மேல் வீட்டுக்காரன் கட்டிலுக்கு உன் கோயில்ல எடம் இருக்கு. நம்ம கட்டிலுக்கு எடமில்ல." டீயை வைத்துவிட்டு நகர்ந்தவர் திரும்பினார். "செவ்வாக்கிழமை எனக்கு ஏதாவது ஆயிட்டா, நீ என்னன்னு சொல்லிக்கிட்டு வந்து நிப்ப?"

கமா கடிகாரத்தைப் பார்த்தார், பூசைக்கு நேரமாகியிருந்தது. தாளையும் சீட்டுகளையும் அள்ளி, கையில் கிடைத்த உறைகளில் திணித்துக்கொண்டு ஓடினார். எந்த உறையில் எதைத் திணித்தார் என்று அந்த நேரத்தில் அவரைக் கேட்டிருந்தால் தன் பெயரையே மாற்றிச் சொல்லியிருப்பார். 

பூசையில் நம்பிக்கை அறிக்கை சொல்லி முடிந்தது. சபை எழுந்து நின்றது. அக்கா மேடையேறி, கண்ணாடியை மாட்டி, நீல உறையைத் திறந்தார். உள்ளே தாளுக்குப் பதிலாக ஒரு கொத்துச் சீட்டுகள். அக்கா ஒரு விநாடி புருவத்தைச் சுருக்கினார். தம்பி ஏதோ புதுமுறை கொண்டுவந்திருக்கிறான் போல என்று நினைத்தார். கொடுத்ததை வாசிப்பது அவர் கடமை.

"மேல் வீட்டுக்காரன் விடியக்காலையில் நாலு மணிக்குக் கட்டிலை இழுக்கிறான். அவன் கட்டில் கால் ஒடியட்டும். அவன் காலும் சேர்ந்து ஒடிஞ்சா எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆண்டவரே, உம்மை மன்றாடுகிறோம்."

"எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது சபை, கணீரென்று. சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. ஐந்நூறு தலைகளும் மேல் வீட்டுக்காரர் யாராக இருக்கும் என்று திரும்பின. நான்காவது வரிசையில் ஒருவர் தன் காலைப் பார்த்துக்கொண்டார்.

கமாவுக்கு உறை மாறியது புரிந்தது. நீலத்தில் அசல் என்றால் மஞ்சளில் திருத்திய பதிப்பு. அது பின்வாசல் மேசையில் இருக்கிறது. வரிசையில் நின்றவர்கள் காலையெல்லாம் மிதித்துக்கொண்டு வெளியே வந்து, பின்னால் ஓடினார். அதற்குள் மாமியார் சீட்டு முடிந்திருந்தது. "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று சபை சொன்னதில் சின்ன மகனின் குரல் மட்டும் இல்லை. பாடகர் குழுத் தலைவர் சிரிப்பை அடக்கப் பாட்டுப் புத்தகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார்.

கமா மஞ்சள் உறையைப் பறித்துக்கொண்டு நடுவழியாக மேடையை நோக்கி நடந்தபோது அக்கா அடுத்ததை எடுத்தார்.

"கோயிலைப் பெருக்கும் எங்கள் நாலு பேருக்கும் ஒரு கழிப்பறை இல்லை. காலையில் வந்தால் மத்தியானம் வரை அடக்கிக்கொண்டிருக்கிறோம். தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. ஃபாதர் வீட்டில் ரெண்டு இருக்கு. ஒன்று பூட்டியே கிடக்கு. சாவி யாரிடம் என்று உமக்குத் தெரியும். இது இருபதாவது தரம் எழுதுகிறேன். ஆண்டவரே, உம்மை மன்றாடுகிறோம்."

இந்தத் தடவை சபையின் பதில் கொஞ்சம் மெதுவாக வந்தது. பங்குத்தந்தை கண்ணை மூடவில்லை. பழக்கதோஷத்தில் "கேட்டருளும்" என்று சொல்லி முடித்தவர், கேட்டருள வேண்டிய ஆள் தான்தான் என்று தெரிந்து, அங்கியின் மேலேயே சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். கடைசி வரிசையில் பெரியம்மா துடைப்பத்தைப் பிடித்தபடி, இருபது வாரத்துக்கும் சேர்த்து நிமிர்ந்து நின்றார்.

கமாவின் கால் நடுவழியிலேயே நின்றுவிட்டது. பத்தொன்பது வாரமாக அந்த அம்மாவின் வாயைப் பொத்தியது யார்? ஃபாதர் அல்ல, தான்தான். மாண்பு என்று அழகாக ஒரு சொல்லைப் போட்டுக் கழிப்பறையை அடித்துவிட்டோமே என்று வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் அடுத்த சீட்டு எதுவென்று நினைவு வந்ததும் வெட்கத்தைப் பயம் விழுங்கிவிட்டது.

அக்கா அந்த அட்டையை எடுத்தார். வாயைத் திறந்தார். மூடினார். ஒருதரம் மனதுக்குள் முழுவதும் படித்தார். கண்ணாடியைக் கழற்றி, நடுவழியில் மஞ்சள் உறையோடு மரம்போல் நின்ற தம்பியைப் பார்த்தார்.

"இதுல எழுத்து சரியா விளங்கல" என்றார் மைக்கில். அச்சடித்த மாதிரி இருந்த எழுத்து! நாற்பது வருடத்தில் அக்கா கோயிலுக்குள் சொன்ன முதல் பொய் அதுவாகத்தான் இருக்கும். "தெரிஞ்சவங்க யாராவது வந்து வாசிச்சா நல்லது. வரலேன்னா விட்டுடலாம்."

அப்படியே திரும்பிப் போய் உட்கார்ந்திருக்கலாம். யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. கையில் திருத்திய பதிப்பு தயாராக இருந்தது. அதைக் கொண்டுபோய் வாசித்தாலும் காரியம் சுபம். 'அறுவை சிகிச்சைக்குச் செல்லும், நண்பர் ஒருவர், நலம் பெற.' இரண்டு கமா. ஆனால் காலையிலிருந்து அந்தக் கேள்வி அவரைக் குடைந்துகொண்டிருந்தது. என்னன்னு சொல்லிக்கிட்டு வந்து நிப்ப?

மேடையேறினார். மஞ்சள் உறையை அக்காவிடம் கொடுத்துவிட்டு அட்டையை வாங்கினார். தொண்டையைச் செருமினார். மைக் அந்தச் செருமலை வெளியே மரத்தடிவரை கொண்டுபோனது.

"சாமி, உன்னை எனக்குப் பழக்கம் இல்லை. நம்ம ரெண்டு பேருக்கும் பொதுவா ஒருத்தர் இருக்காரு. வாராவாரம் உன்னைப் பாக்க வருவாரு. செவ்வாக்கிழமை எனக்கு ஆபரேஷன். நான் பொழைக்கணும்னு கேட்கல, அதை டாக்டர்கிட்ட கேட்டுக்கிறேன். நாங்க பன்னெண்டு வருஷமா ஒரே அடுப்பு, ஒரே கட்டில். நான் போயிட்டா அவரு அழணும். அழுதா, 'நீங்க அவருக்கு என்ன வேணும்'னு பக்கத்துல இருக்கிறவங்க கேட்பாங்க. அவருக்குப் பதில் சொல்ல வராது. அழுகையை அடக்கிக்குவாரு. அது மட்டும் நடக்காம பாத்துக்கோ."

வாசிக்கும்போதே கமாவுக்கு ஒன்று தெரிந்தது. இதில் திருத்த ஒன்றுமில்லை. ஆயுசு முழுவதும் மற்றவர்கள் வாக்கியத்தை நேராக்கியவர் எழுத நினைத்து எழுதாமல் போனதை, டிக்கெட் கிழிக்கிற ஆள் ஒரு அட்டையில் எழுதிவிட்டான். பொறாமை வந்தது, அதைவிடப் பிரியம் வந்தது.

அட்டையைக் கீழே வைத்தார். "அந்த ஒருத்தர் நான்தான்" என்றார்.  "ஆண்டவரே, உம்மை மன்றாடுகிறோம்."

"எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்!"

யோசித்துச் சொன்னதல்ல. பரம்பரை பரம்பரையாக வாயில் ஊறிய பதில், மூளை எழுந்து செருப்பைத் தேடுவதற்குள் வாசலைத் தாண்டிவிட்டது. அக்காவின் குரல் எல்லாருக்கும் மேலே கேட்டது. கடைசி வரிசையிலிருந்து பெரியம்மாவின் குரல் அதற்கும் மேலே கேட்டது. அப்புறம்தான் நிசப்தம். ஐந்நூறு பேரும் தாங்கள் எதற்கு வேண்டிக்கொண்டோம் என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இரண்டு குடும்பங்கள் எழுந்து வெளியே போயின. பங்குத்தந்தை மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டி, "காணிக்கைப் பாடல்" என்றார். பாடகர் குழு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பாடியது.

பூசை முடிந்ததும் பாடகர் குழுத் தலைவர் பங்குத்தந்தையை மடக்கினார். அடுத்தவர் மாமியார் சீட்டுக்குச் சிரித்தவர் முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை.

"ஃபாதர், கடைசி மன்றாட்டுக்கு நான் யோசிக்காம பதில் சொல்லிட்டேன். என் பங்கை மட்டும் வாபஸ் வாங்கிக்கலாமா?"

"ஐந்நூறு பேர் சேர்ந்து சொன்னது. அதுல உங்க குரல் எதுன்னு மேல பிரிச்சுப் பாத்துக்கிட்டிருக்க மாட்டாங்க. போனது போனதுதான்." பங்குத்தந்தை அவசரமாகப் பேசினார். "பிஷப் வீட்டுல இருந்து கேட்டா நான்தான் பதில் சொல்லணும். அந்தத் தலைவலியே எனக்குப் போதும். வழி விடுங்க, பெரியம்மாகிட்ட ஒரு சாவி கொடுக்கணும்."

கோயில் வாசலில் கண்டக்டர் நின்றிருந்தார். பன்னிரண்டு வருடத்தில் மரத்தடியைத் தாண்டி அவர் வந்தது அதுதான் முதல் தடவை. பெட்டியில் சீட்டுப் போட வந்ததைக் கணக்கில் சேர்க்காவிட்டால். பேப்பர் கசங்கிக் கையில் இருந்தது. வெளியே வந்தவர்கள் அவரைப் பார்த்தும் பார்க்காததுபோல் போனார்கள். பாதிப் பேர் போனபின், மாமியார் சீட்டுக்காரப் பெண் அவர் முன்னால் நின்றாள்.

"செவ்வாக்கிழமை எத்தனை மணிக்குங்க? நேரம் தெரியாம எப்படி வேண்டிக்கிறது?"

"பத்து மணிக்கும்மா" என்றார் கண்டக்டர்.  பின்னாலேயே வந்த கமாவைப் பார்த்து, "யோவ், ஒரு கமாகூடப் போடலியே" என்றார்.

"எடமே இல்லையே" என்றார் கமா. இரண்டு பேரும் அழுதார்கள், வெளிப்படையாக, கோயில் வாசலில். யாரும் என்ன வேணும் என்று கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை ஆஸ்பத்திரியில் அக்காவும் வந்திருந்தார், தூக்குப் பாத்திரத்தோடு. "தம்பி பொண்டாட்டின்னா பேர் சொல்லிக் கூப்பிட்டிருப்பேன். உன்னை என்னன்னு கூப்பிடுறதுன்னு ரெண்டு நாளா தூக்கமில்ல. எங்க வீட்டுக்கு வந்தவன், மாப்பிள்ளைன்னே வச்சுக்கிறேன். சரியாத்தான் இருக்கும்" என்றார் கண்டக்டரிடம். கண்டக்டர் ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியே வெட்கப்பட்டார். (பயப்பட வேண்டாம், நல்ல கட்டிதான். ஆள் இன்றும் பஸ்ஸில் நின்று கத்திக்கொண்டிருக்கிறார்.)

நர்ஸ் படிவத்தைக் கேட்டார். கமா கண்டக்டரின் பையிலிருந்து எடுத்து, மேசையில் விரித்து, சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை உருவினார். 'நண்பர்' என்ற சொல்லின் மேல் நேராக ஒரு கோடு. பக்கத்தில் நிறுத்தி நிதானமாக ஒரு சொல்: 'துணைவர்.'

"இப்படியெல்லாம் அடிச்சுத் திருத்தக் கூடாது சார்" என்றார் நர்ஸ்.

"பிழை இருந்துச்சு சிஸ்டர். திருத்துறதுதான் என் வேலை."

நர்ஸ் படிவத்தைப் பார்த்தார், கமாவைப் பார்த்தார், ஸ்ட்ரெச்சரைப் பார்த்தார், பின்னால் இடுப்பில் கை வைத்து நின்ற கணக்கு டீச்சரையும் பார்த்தார். "திருத்தினா பக்கத்துல கையெழுத்துப் போடணும்" என்றார்.

கமா கையெழுத்துப் போட்டார், முழுப் பெயரையும், கட்டத்தைத் தாண்டி.

அதுவரை கூரையைப் பார்த்துக்கொண்டிருந்த கண்டக்டர் ஸ்ட்ரெச்சரின் கம்பியை இரண்டு தட்டுத் தட்டினார்.

"ரைட், போலாம்!"